அசல் சிடியைப் போடவும்

“அசல் சிடியைப் போடவும்” என்று அந்தக் கணினி என்னிடம் சொன்னபோது அசல் சிடி அதன் வாய்க்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னது. முன்னால் ஒரு ‘தயவுசெய்து’ வேறு. திட்டுகிறவர்கள் தயவுசெய்து போட்டுத் திட்டினால் எனக்கு இரண்டு மடங்கு எரியும். ஃபேரர் பார்க்கில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மரியாதையாகப் பேசியே மனிதரைத் திருடன் ஆக்குகிற வித்தையை நிறையப் பார்த்தாயிற்று.

என் மகன் இளமாறனுக்கு வயது இருபத்தேழு. ஆட்டிசம். இதைச் சொன்னதும் தலையைச் சாய்த்து “அடப் பாவமே” என்கிறவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பாவமெல்லாம் ஒன்றுமில்லை. அவனுக்கு வேலை இருக்கிறது. காலையில் நாங்கள் குடியிருக்கும் பிடோக்கிலேயே ஒரு பகல்நேர மையத்துக்குப் போவான். நாலரைக்கு வேன் கொண்டுவந்து விடும். முகம் கழுவி, இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, சரியாக ஐந்து மணிக்கு “வேலைக்குப் போறேன்மா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போவான். அங்கே ரயில் ஓட்டுவான்.

அது ஒரு கணினி விளையாட்டு. எந்த நாடென்று தெரியாத ஒரு பனிமூட்ட ஊர், பதினொரு நிலையங்கள், எழுபத்தைந்து நிமிடப் பயணம். கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், சிக்னல் பார்க்க வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சுட வேண்டியதில்லை, யாரும் சாவதில்லை. எட்டு வயதில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் அவன் லீவு எடுத்தது டெங்கு வந்தபோது மட்டும்தான். விளையாட்டுக்குள் ஓட்டுநர் பதிவேடு ஒன்று உண்டு. அதில் அவன் பெயருக்கு எதிரே எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரமும் ‘மூத்த ஓட்டுநர்’ என்ற பட்டமும் இருந்தன. எனக்கு என் கிளினிக்கில் அப்படி யாரும் எழுதித் தரவில்லை.

போன மாதம் அந்தப் பழைய கணினி லேசாகப் புகைவிட்டு அணைந்துபோனது. புதிது வாங்கினோம். புதியதில் சிடி போடும் வாயே கிடையாது. இப்போதெல்லாம் அப்படித்தானாம். வெளியே ஒட்டவைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கி, விளையாட்டை ஏற்றி, பழைய கணினியிலிருந்து அவன் பதிவேட்டையும் எடுத்துப் போட்டோம். எல்லாம் உள்ளே போய்விட்டது. திறக்கும்போது மட்டும் அந்தத் தயவுசெய்து வந்து நின்றது.

முதல் நாள் ஐந்து மணிக்கு மாறன் உட்கார்ந்தான். செய்தி வந்தது. சரி என்று அழுத்தினான். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடி வந்தது. ஆறேகால் வரை அதையே செய்தான். ஆறேகாலுக்கு எழுந்து சட்டையைக் கழற்றி மடித்துவிட்டு, “ட்ரெயின் டிலே” என்று எனக்குத் தகவல் சொன்னான். வேலையில்லாமல் அவன் எத்தனை நாள் தாங்குவான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, கணினியைப் பைக்குள் போட்டுக்கொண்டு டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். கீழே மாலை கட்டுகிறவர்கள், மாடியில் ரஞ்சன் கடை. கைபேசியும் கணினியும் பழுது பார்க்கிறவன், முப்பது வயதிருக்கும். எங்கள் கிளினிக் கணினி படுத்தால் அவன்தான் வந்து எழுப்புவான். டிரைவைச் சொருகிப் பார்த்தான். பிறகு சிடியை வெளியே எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான்.

“ஆன்ட்டி, இங்க பாருங்க. லைட் தெரியுது.”

நடு ஓட்டைக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஓரிடம். அதில் ஊசி குத்தினதுபோல் பொடிப்பொடியாக வெளிச்சம்.

“லேபிள் பக்கம் யாரோ சுரண்டியிருக்காங்க. எல்லாரும் பளபளன்னு இருக்கிற பக்கத்துலதான் டேட்டா இருக்குன்னு நினைப்பாங்க. ஆக்சுவலி அது லேபிளுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு லா. மேல சுரண்டினா போச்சு. பழைய டிரைவ் எப்படியோ தட்டுத்தடுமாறிப் படிச்சிருக்கு. புதுசுக்கு அவ்வளவு பொறுமை இல்ல.”

யார் சுரண்டியது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசைக்கு வீட்டில் புத்தகங்களை அடுக்குவோம். என் கணவர் ரகுபதியின் பேனா, என் கிளினிக்கின் ரப்பர் முத்திரை, கூடவே மாறனின் சிடி. அது அவன் தொழில் கருவி. வைக்காமல் இருப்பேனா? பளபளக்கிற பக்கத்தில் ஒன்றும் படக்கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. அதனால் ரொம்பக் கவனமாக, லேபிள் பக்கம், ஓட்டைக்குப் பக்கத்தில், சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பேன். மறுநாள் காய்ந்து கெட்டியாகியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து அவனிடம் கொடுப்பேன். பத்தொன்பது வருடம், பத்தொன்பது பொட்டு, ஒரே இடம். என் மகன் வேலையில் நீடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நானே அவன் வேலைக்கு உலை வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. முதலில் என் மேல் வந்தது. பிறகு கலைமகள் மேலேயே வந்தது. பிறகு ரஞ்சன் அடுத்த விஷயத்தைச் சொன்னான். அதோடு அந்த ஆத்திரம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“கேமோட ஃபைல் எல்லாம் நல்லாத்தான் ஆன்ட்டி இருக்கு. இந்த ஓட்டை விழுந்த இடம் பூட்டு இருக்கிற இடம். கம்பெனிக்காரன் வேணும்னே சிடில சில இடத்தைக் கெடுத்து வெச்சிருப்பான். காப்பி எடுத்தா அந்தக் கெட்ட இடம் அப்படியே வராது. கேம் திறக்கும்போது அந்தக் கெட்ட இடத்தைத் தேடும். அவன் கெடுத்த மாதிரியே கெட்டிருந்தா ஒரிஜினல். இல்லாட்டி காப்பின்னு சொல்லிடும்.”

“அப்ப அவன் கெடுத்தா ஒரிஜினல். நான் கெடுத்தா திருட்டா?”

ரஞ்சன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒண்ணு ட்ரை பண்ணலாம்,” என்றான். “சிடில உள்ளத அப்படியே ஒரு ஃபைலா எடுத்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே இல்லாத ஒரு டிரைவ் இருக்கிற மாதிரி காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு. வெர்ச்சுவல் டிரைவ். கேம் கேட்டா, ‘இதோ டிரைவ், இதோ சிடி’ன்னு அது சொல்லும். கெட்ட இடத்தையும் அதே மாதிரி நடிச்சுக் காட்டும். சில கேம் நம்பிடும்.”

எங்கள் விளையாட்டு நம்பவில்லை. கணினியில் போலி டிரைவ் மென்பொருள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது, அதை நீக்கிவிட்டு அசல் சிடியைப் போடவும் என்றது. முதலில் சிடியைத்தான் சந்தேகப்பட்டது. இப்போது வீடு முழுக்கச் சோதனை போட ஆரம்பித்துவிட்டது. ரஞ்சன் வேறு ஒரு மென்பொருள் போட்டான், அதையும் பிடித்தது. இன்னொன்று வைத்து அந்த மென்பொருளை ஒளித்துப் பார்த்தான், ஒளித்ததையும் பிடித்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் சிடியைப் போட்டால், ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அப்போதும் போலி டிரைவ் என்றே குற்றம் சாட்டியது. கடைசியில் கணினியைத் துடைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினான். பழைய செய்திக்கே திரும்பி வந்தோம். அதுவே ஒரு நிம்மதிபோல் இருந்தது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கணினியைப் பையில் வைக்கும்போது ரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். “ஆன்ட்டி, நான் கடையில இதைச் செய்ய முடியாது. ஆனா நெட்ல க்ராக் இருக்கு. ஒரே ஒரு ஃபைல். அதை மாத்திட்டா கேம் சிடியையே கேக்காது. திருட்டு காப்பி வெச்சிருக்கவன் எல்லாம் பத்தொன்பது வருஷமா அதுலதான் விளையாடுறான். ஒருத்தனுக்கும் பிரச்சனை வந்தது இல்ல.”

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. திருடினவன் கதவைத் தட்டக்கூட வேண்டாம், நேரே உள்ளே போகலாம். முழு விலை கொடுத்து, கடையில் வரிசையில் நின்று வாங்கினவன் வாசலில் நின்று தினமும் தன்னை நிரூபிக்க வேண்டும். பூட்டு யாருக்குப் போட்டார்கள்? திருடனுக்கா, எங்களுக்கா?

அன்று மாலையே ரகுபதியிடம் சொன்னேன். சொல்லும்போதே பதில் தெரியும். அவர் முப்பத்தொரு வருடம் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் இருந்தவர். ஜோகூரிலிருந்து வரும் கார்களைத் திறந்து பார்ப்பது வேலை. அந்தக் காலத்தில் ஊரே அங்கே போய்த் திருட்டு சிடி வாங்கி வந்தது. அரிசி மூட்டைக்குள், பால்மாவு டின்னுக்குள், குழந்தை உட்காரும் நாற்காலிக்கு அடியில் என்று எங்கே வைத்தாலும் எடுத்துவிடுவார். ஒருமுறை சொந்த அண்ணன் காரிலேயே எடுத்தார். அந்த அண்ணன் இன்றுவரை தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

“அது திருட்டு, உமா,” என்றார்.

“யாரோட பொருளை யாருங்க திருடுறது? வாங்கினது நாம.”

“வாங்கினது சிடி. பூட்டை உடைக்கிற உரிமையை யாரும் நமக்குக் குடுக்கல.”

“பூட்டு நம்ம வீட்டுக் கதவுல இருக்கு. உள்ள இருக்கிறது நம்ம பிள்ளையோட எட்டாயிரம் மணி நேரம். சாவி தேஞ்சு போச்சுன்னா வாசல்லயே உக்காந்துடுவீங்களா?”

“கம்பெனிக்கு எழுதறேன். நியாயத்தை எடுத்துச் சொன்னா குடுப்பாங்க.”

நியாயமாம். எழுதினார். சாவடியில் அறிக்கை எழுதிய கை. தேதி, இடம், நடந்தது, கோரிக்கை என்று பத்தி பிரித்து எழுதினார். சந்தனத்தைப் பற்றிக்கூட மறைக்காமல் எழுதிவிட்டார். வெள்ளைக்காரனுக்குச் சந்தனத்தை விளக்க ஒரு முழுப் பத்தி. முதல் பதில் ஒரு நிமிடத்தில் வந்தது, உங்கள் அசல் சிடியைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று. இரண்டாவது பதிலுக்கு ஒரு வாரம். வாங்கிய ரசீதை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் ரகுபதி எந்த ரசீதையும் தூக்கிப்போட்டதில்லை. கோப்பிலிருந்து உருவினார். கடைக்காரர்கள் அச்சடிக்கும் அந்த வழுவழுத் தாளில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. பத்தொன்பது வருடத்தில் மை முழுக்கப் பறந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. அந்த வெள்ளைத் தாளையும் படம் எடுத்து, ‘எழுத்து மங்கிவிட்டது’ என்று குறிப்புப் போட்டு அனுப்பிய மனிதரை என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

இதற்கிடையில் ஐந்து மணி தினமும் வந்தது.

இரண்டாவது வாரத்தில் “பாசஞ்சர்ஸ் வெயிட்டிங்” என்று சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே இடது கையின் பின்பக்கத்தைக் கடித்தான். பதின்மூன்று வயதில் விட்ட பழக்கம் அது. விடவைக்க மூன்று வருடம் ஆனது. இப்போது ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. கைக்குக் கட்டுப் போட்டால் கட்டின்மேல் கடித்தான். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. வேறு ரயில் விளையாட்டு ஏற்றிக் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, “இது என் லைன் இல்ல” என்று எழுந்துவிட்டான். சரிதானே. பத்தொன்பது வருடம் ஒரே தடத்தில் ஓட்டினவனை வேறு நாட்டில் கொண்டுபோய் விட்டால் ஓட்டுவானா?

மூன்றாவது வாரம் கம்பெனியின் கடைசிப் பதில் வந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் எங்களிடம் கைமாறிவிட்டது, இதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்பை இணையத்தில் வாங்கி மகிழுங்கள், விளையாட்டை வேறு வழியில் திறக்க முயல்வது ஒப்பந்த மீறல் என்பதை நினைவூட்டுகிறோம். புதிய பதிப்பைப் பார்த்தேன். மாறனின் தடம் அதில் இல்லை. பழைய பதிவேடும் அதில் ஏறாது. மூத்த ஓட்டுநர் அங்கே போய்ப் பயிற்சி ஓட்டுநராகச் சேரலாம்.

“பாத்தீங்களா உங்க நியாயத்தை?” என்றேன்.

“மேல யாருக்காவது எழுதலாம்,” என்றார் ரகுபதி. அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்திலும் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார். அன்று அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை ஷபானாவிடமிருந்து அழைப்பு வந்தது. மையத்தில் மாறனைக் கவனித்துக்கொள்பவர், பதறாத பெண். “ஆன்ட்டி, மாறன் தலைய செவுத்துல இடிச்சுக்கிட்டான். புருவத்துல வெட்டு. நாங்க ஆஸ்பத்திரி ஏ அண்ட் ஈக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க அங்க வந்துடுங்க.” நான்கு தையல். தையல் போடும்போது டாக்டரிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்று. “ஐ ஆம் லேட் ஃபார் வொர்க்.”

வியாழக்கிழமை லீவு போட்டேன். ரகுபதி பாலிகிளினிக்குக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தார். கூட்டம் இருக்கும், திரும்ப நேரமாகும். ரஞ்சன் தாளில் எழுதிக் கொடுத்திருந்த இணைய முகவரியைத் தட்டினேன். அரைகுறை உடையில் நான்கு பெண்கள் வந்து ஆடினார்கள். சூதாட வா என்று ஒருவன் கூப்பிட்டான். ஐம்பத்து நான்கு வயதில், சாமிப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினேன். ஃபைல் இறங்கியதும் கணினி சிவப்பாகக் கத்தியது. ஆபத்தாம், நம்பத்தகாததாம். இத்தனை நாளாக என் பிள்ளை கையைக் கடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கணினி ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுமதி கொடுத்தேன். ஃபைலை மாற்றினேன். திறந்தேன்.

பனிமூட்டம் வந்தது. நிலையம் வந்தது. பதிவேட்டில் அவன் பெயர், அவன் மணி நேரம், மூத்த ஓட்டுநர். எல்லாம் இருந்தது. தனியாக அறையில் நின்று கைதட்டினேன். அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் இருந்திருந்தால் அவன் முகத்துக்கு நேராகத் தட்டியிருப்பேன்.

நாலரைக்கு மாறன் வந்தான். முகம் கழுவி, தையலுக்கு மேல் ஈரம் படாமல் துடைத்துவிட்டேன். நீலச் சட்டை போட்டான். ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தான். அவன் சிடி உறையை எடுப்பதற்குள் நானே முந்திக்கொண்டு திறந்துவிட்டேன். ரயில் வந்து நின்றது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான்.

“சிடி செக்கிங்?” என்று கேட்டான்.

“வேணாம் கண்ணு. இப்ப சிடி இல்லாமலே ஓடும்.”

இதைவிடப் பெரிய தப்பை நான் சொல்லியிருக்க முடியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “நோ சிடி. நாட் ஒரிஜினல். திருட்டு ட்ரெயின். திருட்டு ட்ரெயின்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் தங்கை மகன் ஜெய், ஜோகூரில் வாங்கின திருட்டு விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ரகுபதி அதை மாறன் கண்முன்னே இரண்டாக உடைத்தார். கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரிஜினல் சிடி இல்லாமல் ஓட்டினால் அது திருட்டு ரயில், திருட்டு ரயில் ஓட்டினால் வேலை போய்விடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். மற்றப் பிள்ளைகள் மறுவாரமே மறந்துவிடும். மாறனுக்குச் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து தினமும் உறையை எடுத்து, ஓரத்தில் மின்னும் முத்திரையைச் சாய்த்துப் பார்த்து, சிடியைப் போட்டு, அது சுற்றும் சத்தம் கேட்டு, “செக்கிங், ஓகே” என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுப்பான். மூன்று வாரமாக அந்த ஓகே வரவில்லை. நான் கொண்டுவந்ததில் அந்தக் கேள்வியே இல்லை.

“மாறா, இது ஒரிஜினல்தான்ப்பா. அம்மா சொல்றேன்ல?”

“அம்மா பொய்,” என்றான்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான். ஊசி வலிக்காது என்று சொன்னவள் நான். ஐஸ்கிரீம் கடை மூடியாச்சு என்று சொன்னவள் நான். காரியம் ஆகவேண்டும் என்று நான் சொன்ன சின்னச் சின்னப் பொய் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருப்பான். சுவரை நோக்கித் திரும்பினான். அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் என் கையை வைத்தேன். இடித்தான். என் விரல் முட்டிகள் சுவரில் மோதின. மறுபடி இடித்தான்.

வாசல் கம்பிக்கதவு திறந்தது. ரகுபதி மாத்திரைப் பையோடு வந்து அறை வாசலில் நின்றார். திரையில் ரயில் நின்றுகொண்டிருந்தது. டிரைவில் விளக்கு எரியவில்லை, சிடி உறைக்குள் மேசைமேல் கிடந்தது. அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, முப்பத்தொரு வருடம் இதைத்தான் பார்த்தார்.

“திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க,” என்றேன். “இப்ப இவனைப் பிடிங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. பையைக் கீழே வைத்தார். மேசைக்குப் போய், ரயிலை மூடினார். உறையிலிருந்து சிடியை எடுத்து டிரைவில் வைத்து மூடினார். அது எப்போதும்போல் சுற்றியது, ஒன்றுக்கும் உதவாமல். அந்தச் சத்தம் கேட்டு மாறன் சுவரிலிருந்து தலையை எடுத்தான்.

“சிடி போட்டாச்சு,” என்றார் ரகுபதி.

“ஒரிஜினல்?”

“ஒரிஜினல்.”

“செக்கிங்?”

அவர் விளையாட்டைத் திறந்தார், திரையில் ரயில் வந்து நின்றது. இந்த மனிதர் இப்போதும் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லியிருந்தால் அவரை நான் என்றைக்கும் மன்னித்திருக்க மாட்டேன்.

“செக் பண்ணிடுச்சுப்பா,” என்றார். “ஓகே சொல்லிடுச்சு. நீ ஓட்டு.”

மாறன் வந்து உட்கார்ந்தான். சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டான். “செக்கிங், ஓகே,” என்றான். இருபத்து மூன்று நிமிடத் தாமதம் என்று ஒரு முறை சத்தமாக அறிவித்தான். பிறகு கதவுகளை மூடி வண்டியை எடுத்தான்.

நான் சமையலறைக்குப் போனபோது ரகுபதி சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாகச் சேர்த்துவைத்தது என் தொண்டை வரை இருந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் அந்தக் கை புண்ணாகியிருக்காது, அந்த நான்கு தையல் விழுந்திருக்காது என்று சொல்லத்தான் போனேன்.

“அவன் பாக்கவே இல்ல, உமா,” என்றார்.

“எதை?”

“அந்த முத்திரையை. தினமும் சாய்ச்சுப் பாப்பான்ல. இன்னிக்கு உறையைக் கையில வாங்கக்கூட இல்ல. நான் சொன்னேன், உக்காந்துட்டான்.”

என்னை நம்பாத பிள்ளை அவரை நம்பினான். ஏனென்றால் இருபத்தேழு வருடத்தில் அவர் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஊசி வலிக்கும் என்றே சொல்லிக் கூட்டிப்போனவர். சொந்த அண்ணனை இழந்து காப்பாற்றி வைத்திருந்த அந்த நேர்மையை, எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பெனிக்காரன், யாருக்கும் விற்காத, யாரும் கேட்காத பழைய விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டுப் பிடுங்கிக்கொண்டான். அவனுக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. பிடுங்கினோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தட்டடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து உடைக்கலாமா என்று பார்த்தேன். மாறனுக்குச் சத்தம் ஆகாது என்று வைத்துவிட்டேன்.

“போகட்டும் விடுங்க,” என்றேன். “ஒரே ஒரு தடவைதானே.”

அறையிலிருந்து மூன்றாவது நிலையத்தின் அறிவிப்பு கேட்டது. கதவுகள் திறந்தன, மூடின. ரகுபதி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தினமும் கேப்பான், உமா,” என்றார். “நாளைக்கும் அஞ்சு மணிக்குக் கேப்பான்.”